ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் பக்கம் ஏ.ஏ. மீட்டிங்: எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தைப்பேட்டை:

வணக்கமுங்க. அண்ணனுக்காகக் கேட்கிறேன். காய்கறி மார்க்கெட்ல ராத்திரி லோடு வேலை, விடிகாலைல முடியும். தினம் ஒரு ஆஃப், சில நாள் அதுக்கு மேல ஒரு கட்டிங். "மீட்டிங் போய்ப் பார்க்கறேன்"னு அவரே வாய்விட்டுச் சொல்லிட்டார். அதனால இழுத்துட்டுப் போற பிரச்சினை இல்லை.

ஒட்டன்சத்திரத்துல இருந்து போய்வரக்கூடிய தூரத்துல ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ., குடியை விட்டவங்களும் விட நினைக்கறவங்களும் ஒருத்தருக்கொருத்தர் துணையா நடத்தற குழு) மீட்டிங் இருக்கான்னு எதை வெச்சு உறுதி பண்றது? கூகுள்ல தேடினா மறுவாழ்வு மையங்களாத்தான் வரிசையா வருது. ஒரே ஒரு குழுவோட நம்பர் கிடைச்சது, அதையும் யாரும் எடுக்கல. எல்லாம் சாயங்காலம் 7 மணிங்கறாங்க, அண்ணன் அப்பத்தான் வேலைக்குக் கிளம்புவார். நானும் கூட உள்ள உட்காரலாமா? சர்ச் வளாகத்துல நடக்குதுன்னு கேள்விப்பட்டதுல இருந்து அம்மாவுக்கு வேற பயம், "மதம் மாத்திருவாங்க"ங்கறாங்க.

ஞாயித்துக்கிழமையோட குடியை நிறுத்திட்டு செவ்வாய்க்கிழமை முதல் மீட்டிங் போறதா திட்டம்.

மாத்திரைச்சீட்டு:

மத்த கேள்விக்கெல்லாம் மத்தவங்க வருவாங்க. உங்க கடைசி வரிதான் இப்போ அவசரம். அந்தத் திட்டத்தை மாத்துங்க.

கணக்கு இது. ஆஃப் 375 மில்லி. நம்ம ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். அதுல சுத்தமான ஆல்கஹால் 160 மில்லி, எடையில சுமார் 126 கிராம். 10 கிராமை ஒரு டிரிங்க்னு எடுத்துக்கிட்டா தினம் 12, 13 டிரிங்க். கட்டிங் 90 மில்லி சேர்ந்தா இன்னும் 30 கிராம். இந்த அளவுல தினசரி ஊறின மூளை, ஒரே நாள்ல சரக்கு நின்னா சும்மா இருக்காது.

கடைசி டிரிங்க் ஞாயிறு ராத்திரி 10 மணின்னு வெச்சுக்கங்க. திங்கள் விடியும்போதே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கிடும். வலிப்பு வர்றதுன்னா பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள, அதாவது திங்கள் காலையில இருந்து செவ்வாய் ராத்திரி வரைக்கும். அதுக்கப்புறம் 48 மணி நேரத்துல இருந்து 96 மணி நேரத்துக்குள்ள சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் வரும்: ஆளே மாறிப்போய், இல்லாத பூச்சியைத் தட்டுவாங்க, வீட்டையே அடையாளம் தெரியாது, காய்ச்சல் ஏறும். சிகிச்சை இல்லாம விட்டா உயிர் போகும். செவ்வாய் சாயங்காலம் அவர் பஸ்ல உட்கார்ந்திருக்கற நேரம் சரியா இந்த ரெண்டு ஆபத்துக்கும் நடுவுல விழுது. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்லை. ஆனா யாருக்கு ஆகும்னு வீட்ல இருந்து சொல்ல முடியாது. முன்னாடி நிறுத்தினப்போ ஒரு தடவை வலிப்பு வந்திருந்தா இந்தத் தடவை வர வாய்ப்பு அதிகம்.

அதனால வரிசை இப்படி இருக்கணும்: முதல்ல மனநலப் பிரிவு டாக்டர், அப்புறம் நிறுத்தறது. திண்டுக்கல் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையோட மனநல வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலயே போயிடுங்க. 2025இல் தமிழக அரசு சில அரசு மருத்துவமனைகள்ல "கலங்கரை"ங்கற பேர்ல போதை மீட்பு மையங்களும் தொடங்கியிருக்கு, அருகில எது இருக்குன்னு அங்கேயே கேட்டுக்கலாம். டாக்டரைப் பார்க்கற வரைக்கும் வழக்கமான அளவைத் திடீர்னு பூஜ்யம் ஆக்க வேண்டாம்.

டாக்டர்கிட்ட அளவைக் குறைச்சுச் சொல்லாதீங்க. "எப்பவாவது ஒரு குவார்ட்டர்"னு சொன்னா அதுக்கேத்த மருந்துதான் கிடைக்கும், அது அவருக்குப் பத்தாது. கடைசியாக் குடிச்ச மணி, முந்தைய வலிப்பு, மஞ்சள் காமாலை, சுகர், வேற மாத்திரை எல்லாத்தையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போங்க. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு மாதிரி மருந்தை முதல் நாள் கூடுதலாக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாள்ல படிப்படியாக் குறைப்பாங்க. கல்லீரல் கெட்டிருந்தா லோரசிபாமுக்கு மாத்துவாங்க. இதை மெடிக்கல்ல சொந்தமா வாங்கிக் கொடுக்கறது வேண்டவே வேண்டாம். மாத்திரை மேல சரக்கும் ஊத்தினா மூச்சு அடங்கிடும்.

நம்ம ஊர்ல வழக்கமா நடக்கற தப்பு ஒண்ணு இருக்கு. தெம்பில்லைன்னு பக்கத்துக் கிளினிக்ல குளுக்கோஸ் பாட்டில் ஏத்திட்டு வந்துருவாங்க. வருஷக்கணக்காக் குடிச்சவர் உடம்புல தயமின் (பி1 வைட்டமின்) வறண்டு கிடக்கும். தயமின் போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை பாதிக்கலாம்: கண்ணு ஒரு பக்கமா ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். "தயமின் ஊசி போட்டாச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

வலிப்பு, குழப்பம், காய்ச்சலோட நடுக்கம், ரத்த வாந்தி: இதுல எது வந்தாலும் 108.

இன்னொண்ணு. அந்தப் பிரிவுல சமூகப் பணியாளர் இருந்தா, "இங்க பக்கத்துல நடக்கற ஏ.ஏ. குழு யார்?"னு அவர்கிட்டயே கேளுங்க. கூகுளை விட அவர்கிட்ட இருக்கற நம்பர் புதுசா இருக்கும்.

வேம்படி:

மேல சொன்னது முடிஞ்சதும் இதைப் படிங்க.

கூகுள்ல மையங்களா வர்றதுக்குக் காரணம் எளிது, அவங்க விளம்பரத்துக்குக் காசு கட்டறாங்க. ஏ.ஏ. விளம்பரம் கொடுக்காது. ஏ.ஏ. இந்தியாவோட பொதுச் சேவை அலுவலகம் மும்பையில இருக்கு, அதோட தளத்துல குழுக்களோட பட்டியலும் உதவி எண்ணும் கிடைக்கும். பெரிய நகரங்கள்ல "இன்டர்குரூப்"னு ஒண்ணு இருக்கும், சுத்துவட்டாரக் குழுக்களுக்கெல்லாம் பொதுவான தொடர்பு இடம். தேடும்போது "ஒட்டன்சத்திரம்"னு மட்டும் போட்டு ஏமாறாதீங்க. குழுக்களுக்கு ஊர்ப்பேரை விட "புதுவாழ்வு", "நம்பிக்கை"ங்கற மாதிரிப் பேர்தான் அதிகம். திண்டுக்கல், பழநி, தாராபுரம், மதுரைன்னு பஸ் போற ஊரையெல்லாம் தேடிப் பாருங்க.

பட்டியல்ல இருக்குன்னா நடக்குதுன்னு அர்த்தம் இல்லை. குழுவை நடத்தறவங்க சம்பளத்துக்கு ஆள் இல்லை, குடியை விட்டவங்களே முறை போட்டுப் பார்த்துக்கறாங்க. செயலாளர் மாறிடுவார், பழைய நம்பர் அப்படியே கிடக்கும். பரீட்சைன்னு ஸ்கூல் ஹாலைக் கொடுக்க மாட்டாங்க, திருவிழான்னு சர்ச் அறை கிடைக்காது, ரெண்டு வாரம் வேற இடத்துக்குப் போவாங்க. முதல் தடவை போறவர் பூட்டின கேட்டைப் பார்த்துட்டுத் திரும்பினா அவ்வளவுதான், அடுத்த வாரம் கிளம்ப மாட்டார். வர்ற வழியில கடை வேற திறந்திருக்கும்.

போன் எடுக்கலைன்னா அலுத்துக்காதீங்க. அவங்களும் பகல்ல வேலைக்குப் போறவங்க. சாயங்காலம் 6ல இருந்து 9க்குள்ள அடிங்க, மீட்டிங் நேரமா இருந்தா சைலன்ட்ல இருக்கும். எடுக்கலைன்னா வாட்ஸ்ஆப்ல மூணே வரி போதும்: எந்த ஊர், தமிழ் மீட்டிங் வேணும், எந்த நேரத்துல கூப்பிட வசதி. முழுப்பேர், தெரு, வேலை எதுவும் எழுத வேண்டாம், அவங்களும் கேட்க மாட்டாங்க.

எடுத்ததும் முதல் கேள்வி: "போன வாரம் மீட்டிங் நடந்ததுங்களா?" "வாரா வாரம் நடக்கும்"னு பொதுவாச் சொன்னா திரும்பவும் போன வாரத்தையே கேளுங்க. அப்புறம் எந்த நாள், எத்தனை மணிக்குக் கதவு திறப்பாங்க, ஓபனா (குடும்பத்தாரும் உட்காரலாம்) க்ளோஸ்டா (குடிக்கறவர் மட்டும்), எந்த கேட் வழியா உள்ள வரணும். கடைசிக் கேள்வி சின்னதாத் தெரியும், ஆனா ஆளுங்க கோட்டை விடற இடம் அதுதான். பெரிய வளாகத்துல பின்பக்க அறையில நடக்கும், போர்டு சில இடத்துல இருக்காது. இருந்தா வட்டத்துக்குள்ள முக்கோணம் போட்ட சின்ன அடையாளம் இருக்கும். "பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டுப் போக யாராவது வருவீங்களா?"ன்னு தாராளமாக் கேளுங்க. புதுசா வர்றவரைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறதை அவங்க உதவியா நினைக்கறதில்லை. தாங்கள் குடிக்காம இருக்கறதுக்கு அதுவும் ஒரு வழின்னு நினைக்கறாங்க. ஆனா ஒண்ணு, "அண்ணனைப் பேசச் சொல்லுங்க"ன்னு கட்டாயம் கேட்பாங்க. குடிக்கறவர் வாயால வரணும்ங்கறதுல கறாரா இருப்பாங்க.

நேரம்தான் உங்களுக்குச் சிக்கல். ஞாயிறு காலை மீட்டிங் எந்த ஊர்ல இருக்குன்னு கேளுங்க. மார்க்கெட் லீவு நாள்ல சாயங்கால மீட்டிங் ஒண்ணு பிடிச்சுக்கலாம். மத்த நாளுக்கு ஆன்லைன். கொரோனா காலத்துக்கப்புறம் ஜூம்ல தமிழ் மீட்டிங் நடக்குது, லிங்க் குழு ஆளுங்ககிட்டதான் வாங்கணும். நுழையறதுக்கு முன்னாடி போன்ல தெரியற பேரை மாத்திடுங்க. முக்கால்வாசிப் பேர் போன்ல முழுப்பேரும் இனிஷியலும் கம்பெனியும் சேர்த்து இருக்கும், அது அப்படியே திரையில வரும். கேமராவை அணைச்சுக்கலாம், ஹெட்போன் இருந்தா நல்லது. ஆனா ஆன்லைன் மட்டுமே போதும்னு விட்டுடாதீங்க. விடிகாலை வேலை முடிஞ்சு கை துறுதுறுங்கும்போது கூப்பிட ஒரு உள்ளூர் நம்பர் வேணும்.

சந்தைப்பேட்டை:

ரொம்ப நன்றிங்க. நிறுத்தற நாளைத் தள்ளி வெச்சாச்சு, திங்கள் காலைல ஓபி போறோம்.

இன்னும் ரெண்டு கேள்வி. ஒரு மையத்துக்காரர் போன்ல "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், ராத்திரி வண்டி அனுப்பறோம், 3 மாசம் வெச்சிருந்து அனுப்பறோம், தினம் ஏ.ஏ. மீட்டிங் உண்டு"ங்கறார். இன்னொருத்தர், ரசத்துல கலந்து கொடுக்கற மாத்திரை இருக்கு, தானா வெறுத்துருவார்ங்கறார்.

எதிர்க்காற்று:

ரெண்டுமே வேண்டாம்.

ஏ.ஏ. வண்டி அனுப்பாது, காசு கேட்காது, ஆளை அடைச்சு வெக்காது. நல்ல மையங்கள்ல வெளிக்குழு ஆட்கள் வந்து மீட்டிங் நடத்தறது உண்டு. அதுக்காக அந்த மையம் ஏ.ஏ. ஆகிடாது. 2017 மனநலச் சட்டத்துல குடி, போதைப் பழக்கத்தால வர்ற மனநலப் பாதிப்பும் அடங்கும். அதுக்கு ஆளை உள்ள வெச்சுச் சிகிச்சை கொடுக்கற இடம் மாநில மனநல ஆணையத்துல பதிவு செஞ்சிருக்கணும். ஒருத்தரோட சம்மதம் இல்லாமச் சேர்க்கணும்னா அவர் தரப்புல நியமிக்கப்பட்டவர் எழுதிக் கொடுக்கணும், மனநல மருத்துவர் உட்பட ரெண்டு பேர் தனித்தனியாப் பரிசோதிக்கணும், முதல் தடவை 30 நாளுக்கு மேல வெச்சிருக்க முடியாது. "ராத்திரி வண்டி"யில இதுல எது நடக்கும்? பதிவு எண், ராத்திரி டியூட்டி டாக்டர் யாரு, வீட்டுக்காரங்க எப்ப வந்து பார்க்கலாம்னு மூணு கேள்வி கேளுங்க. மூணாவதுக்கு "ஒரு மாசத்துக்குப் பார்க்க முடியாது"ன்னு பதில் வந்தா போனை வெச்சிருங்க.

அதுவும் உங்க அண்ணன் தானா வர்றேங்கறார். அவரைத் தூக்கிட்டுப் போனா அந்த ஒரு சொத்தும் போயிடும்.

உள்நோயாளியாச் சேர்க்கணும்னு டாக்டரே சொன்னா அது வேற விஷயம். சென்னை அடையாறு பக்கம் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை மாதிரி, குடும்பத்தையும் உட்கார வெச்சுப் பேசற இடங்களும் இருக்கு. அரசு இலவச எண் 14446ல போதை மீட்பு மையங்களைப் பத்திக் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416, இருபத்துநாலு மணி நேரமும்.

மாத்திரைச்சீட்டு:

ரசத்துல கலக்கற மாத்திரை டைசல்ஃபிரம். அது வெறுப்பை வரவழைக்கற மருந்து இல்லை. ஆல்கஹால் உடம்புல உடையறப்போ நடுவுல உண்டாகற அசிடால்டிஹைடை மேற்கொண்டு உடைய விடாமத் தேக்கிடும். குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு இருந்தா உயிருக்கே ஆபத்து. தெரியாமக் கொடுத்தா அவர் வழக்கம்போல ஒரு ஆஃப் குடிப்பார், டாக்டருக்கும் காரணம் தெரியாது. தெரிஞ்சு, சம்மதிச்சு, கல்லீரல் பரிசோதனை முடிச்சு, கடைசி டிரிங்குக்கு அப்புறம் குறைஞ்சது 12 மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கற ஆளுக்குத்தான் அது மருந்து. மாத்திரையை விட்டாலும் 14 நாள் வரைக்கும் வேலை செய்யும். அரிஷ்டம், சில இருமல் டானிக்ல இருக்கற ஆல்கஹாலுக்கும் எதிர்வினை வரும்.

தாழ்வாரம்:

உள்ள என்ன நடக்கும்னு யாரும் எழுதலை.

ஒரு மணியில இருந்து ஒன்றரை மணி நேரம். சின்னப் பிரார்த்தனை, குடியை விட்டு வாழறதுக்கு ஏ.ஏ. சொல்ற பன்னிரண்டு படிகளை வாசிப்பாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா ஷேரிங், அதாவது அவங்கவங்க அனுபவத்தைச் சொல்றது. ஒருத்தர் பேசும்போது நடுவுல யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. உங்க முறை வந்தா பேரை மட்டும் சொல்லிட்டு "இன்னிக்குக் கேட்டுக்கறேன்"னு விட்டுடலாம். பையோ பெட்டியோ சுத்தி வரும், புதுசா வந்தவர் போட வேண்டியதில்லை. டீ குடுப்பாங்க. போட்டோ, ரெக்கார்டிங் கிடையாது. உறுப்பினராக ஒரே நிபந்தனை குடியை நிறுத்தணும்ங்கற விருப்பம்தான், ஃபார்ம் எதுவும் இல்லை. அன்னிக்குக் குடிச்சுட்டே வந்தாலும் சண்டை போடாம உட்கார்ந்தா பெரும்பாலும் வெளிய அனுப்ப மாட்டாங்க, பேசாமக் கேட்கச் சொல்வாங்க.

ஓபன் மீட்டிங்னா நீங்க கூட உட்காரலாம். க்ளோஸ்டுன்னா குடிநோயாளிக்கு மட்டும், நீங்க வெளிய பெஞ்சுல. அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்லை, தம்பி பக்கத்துல இருந்தா அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். குடும்பத்துக்குத் தனியா அல்-அனான் இருக்கு, குடிக்கறவர் நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் போகலாம். அம்மாவையும் அண்ணியையும் அங்க அனுப்புங்க. ஒளிச்சு வெச்ச பாட்டிலைத் தேடறது, மேஸ்திரிக்கு "காய்ச்சல்"னு பொய் சொல்றது, அடுத்த நாள் செலவுக்குக் கடன் வாங்கித் தர்றது எல்லாம் எப்படிக் குடிக்கு முட்டுக் கொடுக்குதுன்னு அங்கதான் புரியும்.

மதம் பத்தி: சர்ச் ஹால் வாடகைக்கோ சும்மாவோ கிடைக்குது, அவ்வளவுதான். ஆனா அம்மா பயத்துக்கு ஒரு வேர் இருக்கறதையும் மறைக்க வேண்டாம். 1935இல் அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்துல பில்ங்கற பங்குத் தரகரும் பாப்ங்கற அறுவை மருத்துவரும் தொடங்கினப்போ, ஆக்ஸ்ஃபோர்டு குரூப்ங்கற கிறிஸ்தவ இயக்கத்துல இருந்துதான் நிறைய எடுத்துக்கிட்டாங்க. அந்த வாசம் பிரார்த்தனையில இன்னும் இருக்கும். படிகள்ல "கடவுள்"னு வர்றதுல ரெண்டு இடத்துல "அவரவர் புரிந்துகொண்டபடி"ன்னு சேர்த்திருக்காங்க. பழநி முருகனை நினைச்சுக்கிட்டு உட்கார்ந்தாலும் யாரும் கேட்கப் போறதில்லை.

எதிர்க்காற்று:

சாமியே வேண்டாம்ங்கறவருக்கு ஸ்மார்ட் ரெக்கவரின்னு வேற முறை ஆன்லைன்ல இருக்கு. தமிழ்ல எதிர்பார்க்காதீங்க, இங்கிலீஷ் தெரிஞ்சவருக்குத்தான் சரிப்படும்.

அப்புறம் "90 நாள்ல 90 மீட்டிங்"னு யாராவது சொல்வாங்க. தினம் அஞ்சு குழு நடக்கற நகரத்துக்கு அது சரி. ஒட்டன்சத்திரத்துல இருந்து திண்டுக்கல் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். லோடு தூக்கறவர் தூக்கத்தை வெட்டி தினம் போனா பத்தே நாள்ல விழுந்துருவார். பசி, கோபம், தனிமை, அசதி நாலும்தான் மறுபடி குடிக்கத் தள்ளும்னு ஏ.ஏ. ஆட்களே சொல்றது. வாரத்துக்கு ரெண்டு நேர்ல, மூணு ஆன்லைன்ல.

வேம்படி:

எண்ணிக்கையில நான் கொஞ்சம் மாறுபடறேன், முதல் மாசம் ஆன்லைனாவது தினம் ஒண்ணு இருக்கட்டும். மணி பகல் 12 அடிச்சா கடை திறந்துடும். வேலை முடிஞ்சு தூங்கி எழுந்ததும் அந்த நேரத்துக்கு ஒரு மீட்டிங்கோ ஒரு போன் பேச்சோ இருந்தா அன்னிக்குப் பொழுது தப்பும். அவருக்கு ஆபத்தான நேரம் சாயங்காலம் இல்லை, அதுதான்.

குறைஞ்சது ஆறு மீட்டிங் போகாம "எனக்கு ஒத்து வரலை"ன்னு முடிவு கட்ட விடாதீங்க. ஒரு குழுவுல எல்லாரும் ரிட்டயர்டு ஆபீசரா இருப்பாங்க, இன்னொண்ணுல பூட்டுப் பட்டறை ஆள், டிரைவர்னு இருப்பாங்க. வேற குழுவுக்குப் போய்ப் பார்க்கணும். ஸ்பான்சரை (படிகள்ல கூட இருந்து வழிகாட்டற மூத்த உறுப்பினர்) அவசரமாப் பிடிக்க வேண்டாம். கொஞ்ச நாள் கேட்டுட்டு, ரொம்ப நாளாக் குடிக்காம இருக்கற ஒரு ஆம்பளை உறுப்பினரை அவரே கேட்கட்டும். அந்த ஸ்பான்சரோ வேற யாரோ "டாக்டர் மாத்திரையை நிறுத்து"ன்னு சொன்னா கேட்கக் கூடாது. மருந்து விஷயம் டாக்டரோடதுன்னு ஏ.ஏ. வெளியீட்டுலயே இருக்கு.

பக்கத்துல எதுவுமே நடக்கலைன்னு ஆனா, குடியை விடணும்ங்கற ரெண்டு மூணு பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு. மதுரை, திண்டுக்கல் ஆட்கள் வந்து ஆரம்பிச்சுக் கொடுப்பாங்களான்னு இன்டர்குரூப்ல கேட்கலாம். மார்க்கெட் பக்கத்துல பகல் 11 மணி மீட்டிங்னா ராத்திரி வேலைக்காரங்க எல்லாருக்குமே ஆகும். அதை அண்ணன் தலையில இப்பவே கட்டிடாதீங்க.

சந்தைப்பேட்டை:

சாயங்காலம் 6:40க்கு அந்த நம்பர் எடுத்துட்டாங்க. போன வாரம் நடந்ததாம், ஆனா கூகுள்ல இருந்த இடத்துல இல்லை, ரெண்டு தெரு தள்ளி. அண்ணன் பத்து நிமிஷம் பேசினார். ஓபி முடிஞ்சு மாத்திரை ஓடிட்டிருக்கும்போதே மீட்டிங் போலாமா, இல்ல மாத்திரை முடியட்டுமா?

மாத்திரைச்சீட்டு:

முதல் நாலைஞ்சு நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், வீட்ல ஆள் துணையோட இருக்கட்டும், வண்டி ஓட்டக் கூடாது, லோடு வேலையும் வேண்டாம். நடுக்கம் அடங்கி, சாப்பாடு இறங்கி, டாக்டரும் சரின்னா மாத்திரை முடியறதுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்க கூடப் போங்க, பஸ்ல ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைங்க, மாத்திரைச் சீட்டு உங்க சட்டைப் பையில இருக்கட்டும்.